பின்சக்கரப் பல்லும் வாசலில் இறங்கிய கல்லும்

என் வண்டியின் செயினை என் அண்ணன்தான் கெடுக்கிறார் என்று ஒரு வருஷம் முழுக்க நம்பினேன். சாமி கும்பிடுகிறவன் நம்புகிற மாதிரி, கேள்வி கேட்காமல் நம்பினேன். அந்த நம்பிக்கையில்தான் எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான வாசலின் நடுவே சுவர் எழுப்ப முந்நூறு கல் இறக்கினேன். அந்தச் சுவர் எழுந்திருந்தால் அவருடைய தறிகள் நின்றுபோயிருக்கும். அது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் இறக்கினேன்.

சூலூருக்கும் பல்லடத்துக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். அப்பா பாகம் பிரித்தபோது ஒரே வாசலில் இரண்டு வீடு வந்தது. தெற்கே அண்ணன் வீடு, அதையொட்டி அவருடைய தறிக் குடோன், பதினாறு தறி. வடக்கே என் வீடு. தார் ரோட்டிலிருந்து உள்ளே வரும் கேட் என் பாகத்தில் விழுந்தது. நடுவில் அளந்து ஒரு கல் நட்டிருக்கிறது. தறிக்கு வேண்டிய பாவு நூலை ஏற்றி வரும் வேன் என் பாகத்தில் நுழைந்து அந்தக் கல்லைத் தாண்டித்தான் அவர் குடோனுக்குப் போகமுடியும். பின்பக்கச் சந்தில் மொபெட் போகும், வேன் போகாது. "வாசல அடைச்சுப்போடாதீங்க" என்று அப்பா வாயால் சொன்னதோடு சரி. பத்திரத்தில் எழுதவில்லை.

நான் சைசிங் மில் பிட்டர். நூலுக்குக் கஞ்சி போட்டு, காயவைத்து, பாவாகச் சுற்றுகிற மெஷின்களைச் சுற்றுவட்டாரத்தில் எட்டு மில்லில் நான்தான் பார்க்கிறேன். அந்த மெஷினில் செயின் கொஞ்சம் தொய்ந்தாலும் சிலிண்டர் வெட்டி வெட்டி ஓடும், நூல் அறுந்து தொங்கும், முதலாளி போனில் கத்துவார். அதனால் செயின் என்றால் விறைப்பாக இருக்கவேண்டும் என்பது என் ரத்தத்தில் ஊறிப்போன விஷயம். விரலால் அழுத்தினால் அசையக் கூடாது. இருபத்திரண்டு வருஷமாக என் செயினைப் பற்றி ஒருத்தன் குறை சொன்னதில்லை.

நாற்பத்து நான்கு வயதில் ஒரு ஸ்போர்ட்ஸ் வண்டி வாங்கினேன். எனக்கு ஆசை, வாங்கினேன். இதற்கு யாரிடமும் விளக்கம் சொல்லவேண்டிய அவசியமில்லை. ஆனால் அண்ணன் விடவில்லை. ஒரு காதுகுத்து விசேஷத்தில், பந்தியில் எல்லாரும் கேட்கிற மாதிரி, எனக்கு எதிர் இலையில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்:

"ஏனுங்க தம்பி, இந்த வண்டீல குப்புறப் படுத்துட்டுத்தான் போகோணுமாமுங்க? ஏன், ஊட்டுல கட்டில் இல்லீங்களா?"

பந்தியே சிரித்தது. பரிமாறுகிறவன்கூடக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பாயசம் வருவதற்கு முன்பே நான் எழுந்து கை கழுவினேன். அதற்கு முன்பும் எங்களுக்குள் போர்வெல் தண்ணீர்த் தகராறு ஒன்று இருந்தது. ஆனால் பேச்சு நின்றது அந்தப் பந்தியில்தான். அதற்குப் பிறகு ஒரே வாசலில், தினமும் நாலு தடவை முகம் பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தை கிடையாது.

வண்டியின் முதல் தொல்லை ஒன்பதாயிரம் கிலோமீட்டரில் வந்தது. பின்பக்கமிருந்து கரகரவென்று சத்தம், கியர் மாற்றும்போது ஒரு வெட்டு. சூலூரில் இந்த மாதிரி வண்டிகளை மட்டும் பார்க்கிற மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். அவர் வண்டியைப் பின்னால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டார். பின் ஸ்ப்ராக்கெட் என்கிற பல்சக்கரத்தின் கடைசியில், செயின் வளைகிற இடத்தில், இரண்டு விரலால் செயினைப் பிடித்து வெளியே இழுத்தார். பல்லுக்கும் செயினுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. பாதிப் பல் வெளியே வந்துவிட்டது.

"பாத்தீங்ளா? நல்ல ஸ்ப்ராக்கெட்டுன்னா இப்புடி இழுத்தா வராதுங்க. இது பல்லே இல்லீங்க, கொக்கி."

உண்மைதான். ஒவ்வொரு பல்லும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, கிளி மூக்கு மாதிரி வளைந்திருந்தது. செயினைத் தடவிய விரலை என்னிடம் காட்டினார். கருப்பாக, நறநறவென்று இருந்தது.

"மண்ணு கலந்து பேஸ்ட்டாட்ட ஆயிருக்குதுங்க. செயினும் ரொம்ப வெறைப்பா இருக்குது. யாருங்க டைட் வெக்கறது?"

இரண்டு விஷயம் சொன்னார். நான் ஒன்றைத்தான் காதில் வாங்கினேன். செயினைப் பற்றி எனக்கு, எட்டு மில் பார்க்கிற எனக்கு, முப்பது வயது ஆள் பாடம் எடுப்பதா? அதை அங்கேயே விட்டுவிட்டேன். மண் என்ற சொல் மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்தது. முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட், செயின் மூன்றையும் சேர்த்து மாற்றிக்கொண்டு வந்தேன். வண்டி எங்கே நிற்கிறது? வாசலில். வாசலில் என் பாகத்துக்கு வந்து மண் போடக்கூடிய ஆள் யார்? இதைக் கண்டுபிடிக்கப் போலீசா வேண்டும்?

என் வீட்டுக்காரி கேட்டாள், "ஏனுங்க, அவரு எதுக்குங்க உங்க வண்டியத் தொடறாரு? அவருக்குத் தறி பாக்கவே நேரமில்ல."

"நீ அந்த ஊட்டுக்கு வக்காலத்து வாங்காத" என்றேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். அவள் அப்படி மூடிக்கொண்டது எனக்கு வெற்றி மாதிரி இருந்தது. இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

புதுச் செட் போட்ட பிறகு நான் இன்னும் கவனமாகிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் டீ குடித்ததும் முதல் வேலை செயின்தான். பின் அச்சின் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கமும் ஒரே அளவாகத் திருகி, தொய்வு துளியும் இல்லாமல் இழுத்து, மில்லிலிருந்து கொண்டுவந்த கருப்பு கிரீஸை அப்பிவிடுவேன். சைசிங் மெஷினுக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை. அப்படியும் ஆறாயிரம் கிலோமீட்டரில் மறுபடி கரகர. முதல் செட் ஒன்பதாயிரம் ஓடியது, இரண்டாவது ஆறாயிரம்தான். கவனிக்கக் கவனிக்க சீக்கிரம் போகிறது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான் எனக்குத் தெரிந்தது.

அன்றைக்கு வாசலில் நின்று, ஒரு வருஷத்தில் முதல் தடவையாக அவரிடம் பேசினேன். எங்கள் ஊரில் மரியாதைக்கு மட்டும் குறைச்சலே கிடையாது.

"ஏனுங்கண்ணா, எம்மேல கோவம்னா என்னைய நாலு சாத்து சாத்துங்க. வண்டி என்னங்க பண்ணுச்சு உங்கள?"

அவர் குடோன் வாசலில் நூல் தூசி படிந்த தலையோடு நின்றார். "உங்க வண்டிய நான் என்னங்க தம்பி பண்ணுனேன்?"

"மண்ணப் போட்டுப்போட்டு ஒண்ணுந் தெரியாதவராட்டப் பேசறீங்களே."

"அந்த வண்டீல போடறதுக்கு மண்ணு தண்டமுங்க" என்றார். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பதினாறு தறியும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருந்தது. அன்று சாயந்திரமே கொத்தனாருக்குப் போன் செய்தேன். சுவர் வைக்கப்போகிறேன் என்பது மறுநாள் ஊருக்கே தெரிந்துவிட்டது. அண்ணி வாசல் கூட்டும்போது அழுதுகொண்டே கூட்டினார் என்று வீட்டுக்காரி சொன்னாள். பையன் படிப்பும் பொண்ணு கல்யாணமும் அந்தத் தறியில்தான் இருக்கிறது என்று ஆள் மேல் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார்கள். இதெல்லாம் மண் போடுவதற்கு முன்னால் யோசிக்கவேண்டியது என்று நான் பதில் சொல்லியனுப்பினேன்.

கையும் களவுமாகப் பிடிக்கவேண்டுமே. வீட்டு முகப்பில் ஒரு கேமரா மாட்டினேன். வாசல் முழுக்க, இரண்டு வீட்டுக் கதவும் உட்பட, என் போனில் தெரியும். நடுவில் ஒரு வியாழக்கிழமை கல் வந்து இறங்கியது. நான் வண்டியை ஓட்டிக்கொண்டேதான் இருந்தேன். மூன்றாவது செட்டை வாங்கிப் போட எனக்கு மனசில்லை. ஆளைப் பிடித்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

கல் இறங்கி மூன்று வாரம் கழித்து, சூலூர் போகிற வழியில், லாரி ஒன்றைத் தாண்டுவதற்காக ஆக்சிலேட்டரைத் திருகினேன். செயின் பல்லைத் தாண்டித் தாண்டிக் குதித்தது. பிறகு கழன்று சக்கரத்தில் சிக்கியது. பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி என்னை இழுத்துக்கொண்டு போய் ரோட்டோர மண்ணில் தள்ளியது. லாரிக்காரன் பிரேக் போட்டதால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் இல்லை. கட்டுப் போடும்போது எனக்கு வலி தெரியவில்லை. அண்ணன் முகம்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து ஒற்றைக் கையால் போனில் பழைய பதிவுகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். கிடைத்தது. கல் இறங்கிய அதே வியாழக்கிழமை, சாயந்திரம் ஐந்தரை மணி. அண்ணன் குடோனிலிருந்து வருகிறார், கையில் தறி வேஸ்ட் துணி. சுற்றும் பார்க்கிறார். என் வண்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்கிறார். செயினை விரலால் அழுத்துகிறார். பிறகு துணியை வைத்து எதையோ தேய்க்கிறார், நிதானமாக, ஒரு நிமிஷத்துக்கு மேல். அங்கேயே நிறுத்தினேன். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

வீட்டுக்காரியிடம் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, "முழுசாப் பாத்தீங்ளா?" என்றாள்.

"இதுக்கு மேல என்ன முழுசா?" என்று எரிந்து விழுந்தேன்.

எங்களுக்குள் பஞ்சாயத்து என்றால் அது தாய்மாமன்தான். பல்லடம் பக்கம் கோழிப் பண்ணை வைத்திருக்கிறார். கனத்த சரீரம், கனத்த வாக்கு. ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன். கொத்தனாரைத் திங்கட்கிழமைக்குச் சொல்லியிருந்தேன். மாமா என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்ததும் அண்ணனையும் கூப்பிட்டனுப்பினார். அண்ணன் வந்து கதவோரமாக நின்றார், உட்காரவில்லை. நான் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு சொன்னேன்:

"மாமா, இவரில்லைன்னா, வாசல்ல கெடக்கற அத்தன கல்லையும் என்ற கையாலயே எடுத்து அக்கட்ட அடுக்கறனுங்க. இவருதான்னா நாளைக்கிச் செவுரு. நீங்களே பாத்துச் சொல்லுங்க."

போனைக் கொடுத்தேன். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குந்தி உட்கார்வது, அழுத்துவது, தேய்ப்பது எல்லாம் பார்த்தார். தேய்க்கிற இடத்தில் நான் நிறுத்தினேன்.

"ஏப்பா, இதென்ன பண்ணுன?" என்று மாமா அண்ணனைக் கேட்டார்.

"தொடச்சனுங்க மாமா."

"என்னத்த?"

"கிரீஸ. அதுக்கடீல எழுதியிருக்கறதப் படிக்கறதுக்கு. வண்டி போறப்பயெல்லாம் கத்திக் கத்திப் போகுது. தறிச் சத்தத்துக்கு மேல அது கேக்குது. என்னன்னு பாக்கலாம்னு போனேன்."

நான் சிரித்தேன். வாய்விட்டே சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை. எழுந்து வெளியே வந்தார். சிக்கிய செயினை வெட்டியெடுக்காமல் மெதுவாக உருவி, மறுபடி மாட்டித்தான் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அன்று காலையில்தான், ஞாயிற்றுக்கிழமை ஆயிற்றே, வலது கையில் கட்டோடு, இடது கையால் அதை இழுத்து விறைப்பாக வைத்திருந்தேன்.

பின்சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையின் பக்கவாட்டில், என் கிரீஸ் அப்பிய கருப்புக்கு நடுவே, உள்ளங்கை அகலத்துக்குக் கருப்பு குறைந்த ஒரு இடம். அதற்குப் பிறகு நான் பூசிய மூன்று வாரக் கிரீஸை மாமா துண்டால் துடைத்தார். அங்கே ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. செயின் படம், அதில் மேலும் கீழும் காட்டுகிற அம்புக்குறி, முப்பதிலிருந்து நாற்பது மில்லிமீட்டர் என்று எண். அவ்வளவு தொய்வு விடவேண்டுமாம். ஒரு வருஷத்துக்கு மேலாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்த எண்ணின் மேல்தான் நான் கிரீஸ் பூசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

செயினை அழுத்தினேன். ஐந்து மில்லிமீட்டர்கூட அசையவில்லை. அப்படியும் நான் விடவில்லை. "முப்பது மில்லி தொங்கவிட்டா எந்தச் செயினும் ஓடாது, இதெல்லாம் சும்மா எழுதறது" என்றேன்.

மாமா காலைத் தூக்கிப் போட்டு வண்டியில் உட்கார்ந்தார். நூறு கிலோவுக்குக் குறையமாட்டார். வண்டியின் பின்பக்கம் அமுங்கி இறங்கியது. என் விரல் செயினில்தான் இருந்தது. அது இரும்புக் கம்பியாகிவிட்டது. உள்ளே எங்கோ கிரீச்சென்றது. மாமா எழுந்தார், செயின் இளகியது. உட்கார்ந்தார், கம்பியாயிற்று.

இருபத்திரண்டு வருஷத் தொழில் அந்த இடத்தில் என் மூஞ்சியில் அறைந்தது. சைசிங் மெஷினில் இரண்டு சக்கரமும் தரையில் முளையடித்த மாதிரி நிற்கும். அவற்றுக்கு நடுவில் தூரம் மாறாது. வண்டியில் பின்சக்கரம் ஏறி இறங்குகிறது. பள்ளத்தில் இறங்கும்போது செயினுக்கு இடம் வேண்டும். நான் அந்த இடத்தைக் கொடுக்காமல் இழுத்துக் கட்டினேன். ஒவ்வொரு பள்ளத்திலும் செயின் பல்லைப் பிடித்து இழுத்து இழுத்துக் கொக்கியாக வளைத்திருக்கிறது. மிச்சம் இருந்த கொஞ்சத்தையும், என் கிரீஸில் ஒட்டிய ரோட்டு மண்ணும் பஞ்சும் அரைத்துத் தின்றிருக்கிறது. மண் போட்டவன் நான்தான். கெடுத்தவன் நான்தான். இது பிட்டர் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. ஒன்றும் தெரியாதவன் வண்டியைத் தொடாமலே விட்டிருப்பான், அது ஒழுங்காக ஓடியிருக்கும்.

தப்பு தெரிந்ததும் அடங்கிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். எனக்குக் கோபம் இன்னும் ஏறியது.

"அப்ப மூணு வாரத்துக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயத் தொறக்காம என்னைய ஓட்ட உட்டிருக்கீங்க. நான் லாரிக்கடீல போயிருந்தா?"

"போயிருந்தா எனக்குந்தான் தீட்டு" என்றார் அண்ணன். "பங்காளியில்லீங்களா. கருமாதி முடியற வரைக்கும் என்ற தறியும் நின்னிருக்கும்."

மாமா அவரை அதட்டினார். "பேசற பேச்சாடா இது? பாத்தன்னிக்கே சொல்லறதுக்கென்ன?"

அண்ணன் செருப்பைப் போட்டுக்கொண்டார். என்னைப் பார்க்காமல், வாசலில் அடுக்கியிருந்த கல்லைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அந்த வீடியோவ நிறுத்தாம ஓட்டிப் பாக்கச் சொல்லுங்க மாமா." நடந்து தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மாமா போனை நீட்டினார். நானே ஓட்டினேன். என் வீட்டுக்காரி பக்கத்தில் வந்து நின்றாள். அண்ணன் ஸ்டிக்கரைத் தேய்த்து முடிக்கிறார். குனிந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிக்கிறார். மறுபடி செயினை அழுத்துகிறார். எழுந்திருக்கிறார். தன் குடோனுக்குத் திரும்பவில்லை. நடுக் கல்லைத் தாண்டி, துணியும் கையுமாக, என் வீட்டுக் கதவை நோக்கி வருகிறார். ஒரு வருஷமாக மிதிக்காத படியில் ஏறுகிறார். கதவைத் தட்டக் கையைத் தூக்குகிறார். அப்போது ஏதோ தோன்றி ஒரு பக்கமாகத் திரும்பிப் பார்க்கிறார். அங்கே, படத்தின் ஓரத்தில், ஒன்றரை மணி நேரத்துக்கு முன் நான் நின்று இறக்கிய கல், ஆள் உயரத்துக்கு. தூக்கிய கை அப்படியே இறங்குகிறது. படியிறங்கிப் போய்விடுகிறார்.

அந்த நேரத்தில் நான் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"போய்க் கூப்புடுறா" என்றார் மாமா.

போனேன். நடுக் கல்லைத் தாண்டி அவர் கதவுக்கு முன்னால் போய் நின்றேன். உள்ளே அண்ணி பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. கையைத் தூக்கினேன். அண்ணா என்று ஒரு வார்த்தை, அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம், அவர் எழுந்து வந்துவிடுவார். பந்தியில் எல்லாரும் சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்தது. கை இறங்கிவிட்டது. திரும்பி வந்துவிட்டேன். அந்தக் கேமரா அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கும்.

சொன்ன வார்த்தைக்காகக் கல்லை மட்டும் எடுத்தேன். யாரையும் துணைக்குச் சேர்க்கவில்லை. கட்டுப் போட்ட கையோடு ஒவ்வொன்றாகத் தூக்கி, என் வீட்டு வடக்குச் சுவரோரம் அடுக்கினேன். முடிக்கச் சாயந்திரமாகிவிட்டது. மறுநாள் காலையில் பாவு வேன் வந்து, நிற்காமல் நேராகக் குடோனுக்குப் போனது.

மூன்றாவது செட்டை சூலூர் மெக்கானிக்தான் போட்டுக்கொடுத்தார். அவரிடம் மட்டும் தப்பை ஒத்துக்கொண்டேன். அவர் அண்ணனில்லை, அதனால் சுலபமாக இருந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கேல் வைத்து அளக்கிறேன். முப்பத்தைந்து விடுகிறேன். கை இன்னும் ஒரு சுற்றுத் திருகச் சொல்லி அரிக்கும், விடுகிறதில்லை. ஸ்டிக்கரை நானே துடைக்கிறேன். நான் அளக்கும்போது அவர் குடோன் வாசலில் வந்து நின்று, அளந்து முடிகிற வரை இருந்துவிட்டு, உள்ளே போவார். நாங்கள் இன்னும் பேசுவதில்லை.